ஒரு சாண் வலைக் கயிறு

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்தச் சாம்பல் நிறக் கார் உங்களுக்கு நினைவிருக்கும். சம்மாந்துறையில் கல்யாணம் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் அந்த வாடகைக் கார்தான் வரும். பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தகரம் உக்கி ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையால் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு முழு நாள் பார்த்தேன். ரோடு ஓடியது, நான் அசையாமல் இருந்தேன். கல் ஓடியது, சாணி ஓடியது, வெள்ளைக் கோடு ஓடியது. உலகத்தை யாரோ கீழே இருந்து இழுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சூறாவளி அடித்ததற்கு மறுவருடம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. வாப்பா அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக இருந்தார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் சொந்தக்காரர் வீடு, கூட்டாளிமார் வீடு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பயணம் சொல்வது நம் வழக்கம். சொல்லிவிட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் பொறுப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனேதான் பொறுக்க வேண்டும். அதற்காகத்தான் காரைப் பிடித்தார்கள். உம்மா, வாப்பா, நாங்கள் இரண்டு பேர், றைவர் காக்கா.

எனக்கு அது பெரிய புதினம். வாப்பா யாரிடமும் எதையும் கேட்காத மனிதர். தண்ணீர் விடாய்த்தால்கூட வாயால் கேட்க மாட்டார், செம்பைப் பார்ப்பார். உம்மா ஓடுவா. அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறார் என்றால் நம்ப முடியவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் சிறுபோகம் வெட்டி முடிந்த வயல். வைக்கோல் மணம் ஓட்டையாலும் வந்தது.

தம்பி கேட்டான்: "பொறுக்கல்லெண்டா என்ன செய்யிற?"

றைவர் காக்கா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "பொறுக்கல்லெண்டா பாரம் டோய். பிளேன் மேல எழும்பும். நடுக் கடலுக்குப் போன உடனே பாரம் தாங்காது. கதவைத் துறந்து, 'ஆரு பொறுக்கப்படாத ஆள்?' எண்டு கேப்பாங்க."

"கேட்டுப் போட்டு?"

"தள்ளிப் போடுவாங்க."

வாப்பா சிரிக்கவில்லை. உம்மா, "புள்ளைகளுக்குக் கண்டதையும் சொல்லாதீங்க றைவர்," என்றா. ஆனால் சொன்னது சொன்னதுதான். தம்பி என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

காரைதீவுச் சந்தி வந்தது. எங்கள் ஊரிலிருந்து கடற்கரை ரோட்டுக்கு வந்தால் முதலில் வருவது அந்தச் சந்திதான். அங்கே ஒரு மாமா இருந்தார். நாங்கள்தான் மாமா என்போம், அவர் காரைதீவுத் தமிழர். எங்கள் வயலும் அவர் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள்.

றைவர் காக்கா காரை மெதுவாக்கினார். "இஞ்சயும் ஒரு ஊடு இரிக்கெண்டீங்களே?"

"வரக்குள்ள பாப்பம். நேரே போ," என்றார் வாப்பா.

"கிட்டத்து ஊட்ட உட்டுப் போட்டு தூரத்து ஊட்டுக்கு முதல்ல போறதா?" என்று கேட்டா உம்மா. வாப்பா யன்னலால் வெளியே பார்த்தார். அந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அங்கிருந்து வடக்கே போகப் போக எனக்கு வாய் மூடவில்லை. சூறாவளியில் தலை போன தென்னைகள் வரிசை வரிசையாக நின்றன. வெறும் மரம், உச்சியில் ஒன்றும் இல்லை. "தலையில்லாத ஆக்கள் தொழுகைக்கு நிக்கிற மாதிரி," என்று தம்பி சொன்னான். உம்மா, "தவ்பா செய்," என்று அவன் வாயில் தட்டினா. கல்முனை பஸாரில் வாப்பா எங்களுக்கு ஆளுக்கொரு பலூன் வாங்கித் தந்தார். என்னுடையது மருதமுனை போகுமுன்பே வெடித்தது. தம்பியுடையது வெடிக்கவில்லை. அதற்காக நான் அவனை எவ்வளவு கிள்ளினேன்.

மருதமுனையில் வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி. மாமி வீட்டில் தறி இருந்தது. எத்தனை நூல், அல்லாஹ்வே! ஒவ்வொரு நூலும் ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால் போய் மறுபக்கம் வந்தது. மாமி காலை மிதிக்க, பாதி நூல் மேலே போனது, பாதி கீழே வந்தது, நடுவில் நாடா ஓடியது. வாப்பா மக்கத்தில் உடுக்கிற இரண்டு வெள்ளைத் துண்டையும் மாமி தன் கையால் நெய்து வைத்திருந்தா.

வாப்பா நின்றபடியே சொன்னார்: "அறிஞ்சும் அறியாமலும் உனக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்க புள்ள."

வாப்பா ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். மாமி சொல்லி முடிக்க விடவில்லை. "பொறுத்தன் காக்கா, நீங்களும் பொறுத்துக்கங்க," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதா. அழுது முடித்துவிட்டு, "சின்னதில என்ட மாங்காயைப் புடுங்கித் திண்டீங்களே, அத மட்டும் பொறுக்க மாட்டன்," என்றா. உம்மா சிரித்தா. தம்பி சிரிக்கவில்லை. மாங்காயும் பாரம்தானே என்று என் காதில் கேட்டான்.

சாய்ந்தமருதில் வாப்பாவின் கூட்டாளி, கடைக்காரர். அவர் வாப்பா வாய் திறக்குமுன்பே, "பொறுத்திட்டன்டா, பொறுத்திட்டன். முதல்ல இருந்து தேத்தண்ணியக் குடி," என்றார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. எல்லா வீட்டிலும் பணியாரம். கேட்பதும் கொடுப்பதும் அவ்வளவு சுகமாக நடந்தது. ஸலாம் சொல்கிற மாதிரி.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் திரும்பி வரும்போது காரைதீவுச் சந்தி மறுபடி வந்தது. இனிப் போக வேறு வீடு இல்லை.

மாமா வீட்டில் அவர் கையில்லாத பெனியனோடு கதிரையில் இருந்தார். வாப்பாவைக் கண்டதும், "டேய் மச்சான், மக்கத்துக்குப் போறதாமே! ஊரே கதைக்குது, எனக்குத்தான் சொல்ல ஆளில்ல," என்று கத்தினார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. அது ஏழாவது கோப்பை.

வாப்பா கோப்பையை நிலத்தில் வைத்தார். "அறிஞ்சும் அறியாமலும் உனக்குப் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்க மச்சான்."

நான் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். பொறுத்தன் என்ற சொல் வரும், நாங்கள் எழும்பிப் போகலாம். ஆனால் மாமா நம் ஆள் இல்லையே. அவருக்கு அந்த வழக்கம் தெரியாது.

"எதை?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் எண்டா? என்ன எண்டு சொன்னாத்தானே பொறுக்கலாமா எண்டு பாக்கலாம்." மாமா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "சொல்லு, என்ன செஞ்ச?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டா. வாப்பா நிலத்தில் வைத்த கோப்பையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"தண்ணி தட்டுப்பட்ட வருசம் உன்ட முறைத் தண்ணிய நான்தான் திருப்பினன். பகல், எல்லாரும் கண்ணயர்ந்த நேரம். நான்தான் வரம்ப வெட்டினன்."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது, சிரித்த வாயோடு. அந்த வருடம் மாமாவின் வேளாண்மை முழுக்கச் சப்பியாய்ப் போனதாம். பயிர் கதிரைக் கருக்கட்டிக் குடலை பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் கதிரில் நெல் இருக்காது, தோல்தான் இருக்கும். மாமாவின் வயலில் தங்கி வேளாண்மை பார்த்த ஒருவர் இருந்தார், முல்லைக்காரர் என்போமே. அவர்தான் தண்ணீரை யாருக்கோ களவாய்க் கொடுத்துவிட்டார் என்று மாமா பத்துப் பேருக்கு முன் ஏசி அனுப்பிவிட்டார். வாப்பாவும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா எழும்பி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"தண்ணி என்ட. அத நான் பொறுத்தன்," என்றார். "ஆனா கள்ளன் எண்டு பேர் கேட்டது அவன். அது என்ட இல்லையே, நான் பொறுக்கிறத்துக்கு."

"அவன் எங்க இப்ப?"

"கடக்கரையில. கரைவலை இழுக்கான். அதுக்குப் பிறகு அவன் வயலுக்கு வரல்ல, ஒருத்தனும் கூப்பிடவுமில்ல." மாமா வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நானும் கேக்கோணும். ஆனா இண்டைக்கு நீ போ. ரெண்டு பேரும் ஒண்டாப் போனா அவன் பயந்திடுவான்."

நாங்கள் கடற்கரைக்குப் போனோம்.

கூட்டாளிமாரே, நாம் வயல் ஊர்ப் பிள்ளைகள். நீங்கள் முதன்முதல் கடலைப் பக்கத்தில் பார்த்தது எப்போது? நான் பார்த்தது அன்றுதான். மணல் மேட்டில் ஏறினேன், எனக்கு முன்னால் நிலம் முடிந்து போயிருந்தது. அவ்வளவு தண்ணீர். இவ்வளவு தண்ணீர் கிடக்க, ஒரு வாய்க்கால் தண்ணீருக்கா வாப்பா வரம்பை வெட்டினார் என்று நினைத்தேன். அது உப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

இருபது பேர் வரிசையாக நின்று கயிறு இழுத்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் கூப்பிட்டு, ஒரே நேரத்தில் சாய்ந்து, ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள். கயிற்றின் மற்ற முனை கடலுக்குள். யாரை இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடலையே இழுக்கிறார்கள் போல இருந்தது.

வாப்பா வெள்ளைச் சாறனோடு, புதுச் செருப்போடு மணலில் புதைந்து புதைந்து போனார். வரிசையின் நடுவில் மெலிந்த, கறுத்த ஒரு மனிதர். வாப்பாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது, கை நிற்கவில்லை.

"தம்பி, ஒரு கதை கதைக்கோணும்," என்றார் வாப்பா.

"கயித்த உட ஏலா போடியார். மடி கிட்ட வந்திட்டு." பிறகு, இழுத்தபடியே, "கதைக்கிறதெண்டா புடிச்சிக்கிட்டுக் கதைங்க."

வயல் சொந்தக்காரப் போடியார் கயிறு பிடிப்பதா என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பா செருப்பைக் கழற்றினார். சாறனை மடித்துக் கட்டினார். அந்த மனிதருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார்.

எங்கள் வாப்பாவை அப்படி நான் கண்டதில்லை. கால் வழுக்கியது, சாய வேண்டிய நேரத்தில் நிமிர்ந்தார், நிமிர வேண்டிய நேரத்தில் சாய்ந்தார். "போடியார் எங்களையும் சேத்து இழுத்துப் போடுவார் போல," என்று ஒருவர் பகிடி பண்ணினார். இழுவைக்கு இழுவை, மூச்சு வாங்க வாங்க, வாப்பா சொன்னார். தண்ணீர், வரம்பு, பத்துப் பேர், தான் வாய் திறக்காமல் நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பகிடி பண்ணியவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலையின் மடி, மீன் சேர்கிற பை, கரைக்கு வந்தது. மீன் என்றால் நமக்குக் கூடையில் செத்துக் கிடப்பதுதானே. இது உயிரோடு, ஒரு வீடு அளவு வெள்ளி, துள்ளியது. தம்பி பயந்து உம்மாவின் பின்னால் ஒளித்தான். நான் குந்திக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். அதன் உயிர் என் விரலில் அடித்தது.

அந்த மனிதர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "மக்கத்துக்குப் போனா எல்லாம் பொறுபடுமோ போடியார்?"

"அல்லாஹ்ட பங்கை அவன் பொறுப்பான். உங்கட பங்கை நீங்கதான்."

"அப்ப என்ட கையிலதான் கிடக்கு." கையை விரித்துப் பார்த்தார். கயிறு அறுத்த கை, அதில் ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பழைய வலைக் கயிற்றில் ஒரு சாண் வெட்டினார். "இத மக்கத்துக்குக் கொண்டு போங்க. திரும்பிக் கொண்டு வந்து தாங்க. அப்ப சொல்றன்."

தம்பி குரலெடுத்து அழத் தொடங்கினான். "பொறுத்தனெண்டு சொல்லுங்க! இல்லாட்டி வாப்பாவைக் கடலுக்குள்ள தள்ளிப் போடுவாங்க!"

றைவர் காக்கா மெதுவாகக் காரின் பக்கம் நழுவினார். அந்த மனிதருக்கு உம்மாதான் விளங்கப்படுத்தினா. அவர் தம்பியைத் தூக்கினார். அவர் தோளில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"விழ மாட்டார் மகன். கயித்த உன்ட வாப்பாட கையில குடுத்திரிக்கன். மத்த முனை என்ட கையில. விழுந்தாரெண்டா இழுத்து எடுத்துடுவன். நான் இழுக்கிறதப் பாத்தாய்தானே?"

தம்பி அழுகையை நிறுத்தினான். நானும் நம்பினேன். வாப்பா போயிருந்த நாளெல்லாம், காரைதீவுக் கரையிலிருந்து மக்கம் வரைக்கும் ஒரு ஈரக் கயிறு வானத்தில் இழுபட்டுக் கிடப்பதாக நினைத்தேன். பிளேன் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பேன்.

வாப்பா வந்து சேர்ந்தார். மாரி தொடங்கி, கடல் பொங்கி, கரைவலை நின்றுவிட்டிருந்தது. மறுபடி வலை வளைக்கத் தொடங்கியபோது நான் கயிற்றை மறந்துவிட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சுத்தமாக மறந்துவிட்டேன். வருடத்துக்கு ஒருநாள் வாப்பா ஒரு பன்புல் பை நிறைய மீனோடு வருவார், உள்ளங்கை கொப்பளித்திருக்கும். உம்மா தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டே, "ஹாஜியாருக்கு மீன் பைத்தியம் புடிச்சிரிக்கி. அதுக்கு மம்பட்டி புடிச்ச கையால மீன் தூக்கினாக் கொப்பளிக்குமா?" என்பா. வாப்பா கையை இழுத்துக்கொள்வார். பிறகு அந்தச் சந்தியைத் தாண்ட தமிழரும் நாமும் இரண்டு பக்கமும் பயந்த கலவர வருடங்கள் வந்தன. அந்த வருடங்களில் மீன் இல்லை.

இந்த வருடம் வாப்பா மவுத்தானார். வயலில் நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்தாராம். அவ்வளவுதான். என்னால் இதை இதற்கு மேல் எழுத முடியாது.

வாப்பாவின் உடலைப் போர்த்தும் கபனுக்கு மாமி நெய்த துண்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தார்கள். மடிப்புக்குள்ளிருந்து கயிறு விழுந்தது. "இதென்ன குப்பை?" என்று யாரோ வெளியே எறியப் போனார்கள். நான் பறித்து மடியில் சொருகிக்கொண்டேன். பெண்கள் நாங்கள் வீட்டில் இருக்க, பள்ளிவாசலில் தம்பி எழும்பி நின்று, "என்ட வாப்பா அறிஞ்சும் அறியாமலும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க," என்று கேட்டானாம். ஊரே ஒரே குரலில் பொறுத்தம் என்று சொன்னதாம். கயிறு என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை, அப்படியென்றால் அவர் பொறுக்கவில்லை. வாப்பா அந்தப் பாரத்தோடு கப்றுக்குள் கிடக்கிறார் என்று நாற்பது நாளும் நான் தூங்கவில்லை.

உம்மா, புருஷன் மவுத்தான பெண் இருக்கிற இத்தாவில் இருப்பதால் வெளியே வரக்கூடாது. தம்பியும் நானும்தான் பஸ் ஏறிப் போனோம். சந்தி அமைதியாக இருந்தது.

அவர் அங்கேதான் நின்றார். தலை நரைத்திருந்தது. என்னை யாரென்று தெரியவில்லை. நான் கயிற்றை நீட்டினேன். அதைக் கண்டதும் அவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்க வேண்டும், இழுக்கிற கயிற்றைக் கைவிட்டார்.

"எப்ப?"

"நாப்பத்தி மூணு நாள்."

மணலில் இருந்துவிட்டார். நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். "வாப்பா திருப்பித் தரல்ல. அவருக்காக நாங்க கேக்க வந்த. பொறுத்துக்கங்க."

"தரல்லயா?" என்று என்னைப் பார்த்தார். "சந்தி தாண்ட ஏலுமான வருசமெல்லாம் கொண்டு வந்து நீட்டுவார் புள்ள. வந்து, கயித்தப் புடிச்சி, ஒரு மடி இழுத்துப் போட்டுத்தான் நீட்டுவார். நான் சொல்லுவன், 'இண்டைக்கு மீன் காணாது ஹாஜியார், அடுத்த வருசம் பாப்பம்' எண்டு. அவரும் சிரிச்சிக்கிட்டு மடியில சொருகிக்கிட்டுப் போவார்." கயிற்றைத் தடவினார். அது கறுத்து, வழவழ என்று இருந்தது. "நல்லா இழுக்கப் பழகிட்டார். முதல் வருசமே நான் பொறுத்திட்டன். வாயால சொன்னா, அந்தாளுக்கு இஞ்ச வாறத்துக்கு என்ன வேலை இரிக்கி?"

தம்பி அழுதான். அவன் அப்போது ஆறு வயதில் அழுத மாதிரியே அழுதான்.

அந்த மனிதர் எழும்பி நின்றார். மேலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, நேராக என்னைப் பார்த்து, நம் ஆட்கள் சொல்கிற மாதிரியே, வாப்பாவிடம் கேட்டுப் பழகியதாக இருக்கும், சொன்னார்: "பொறுத்தன். ஒரு சொல்லுக்காக அந்த மனிசனைப் பத்து வருசம் காக்க வெச்சதுக்கு, நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க."

மருதமுனை மாமியைப் போல ஒரே மூச்சில் சொல்ல நினைத்தேன். எதை என்று தெரிந்த பிறகு அது லேசில் வரவில்லை. கொஞ்ச நேரம் எடுத்து, "பொறுத்தன்," என்றேன்.

அவர் கயிற்றை எனக்குத் திருப்பித் தரவில்லை. இழுபடுகிற பெருங்கயிற்றில் நைந்து போன ஒரு இடம் பார்த்து, அந்த ஒரு சாணையும் வைத்து முறுக்கிக் கட்டினார். பிறகு தன் இடத்தில் போய் நின்றார். பின்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். தம்பி செருப்பைக் கழற்றினான். நானும் கழற்றினேன்.

என் கையில் அகப்பட்டது அந்தத் துண்டுதானா என்று எனக்குத் தெரியாது. நனைந்த பிறகு எல்லாம் ஒரே கயிறுதான். எல்லோரும் சாய்ந்தபோது நானும் சாய்ந்தேன். கடல் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.